பாட்டிலில் லேபிள் ஒட்டி நிற்க

கேள்வி: தங்கை கல்யாணத்துக்கு வீட்டில் காய்ச்சிய நன்னாரி சர்பத்தை 40 பாட்டில்களில் தாம்பூலத்தோடு கொடுக்கப்போகிறோம். மணமக்கள் பெயரோடு இங்க்ஜெட்டில் அச்சிட்ட லேபிள், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் மை கரைந்து உரிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, குடியாத்தம்

பதில்: வேலூர் வெயிலில் குளிர்ந்த பாட்டிலை வெளியே வைத்த நிமிடமே வியர்க்கும். வீட்டு இங்க்ஜெட் மை பெரும்பாலும் தண்ணீரில் கரையும் சாயம், அதனால்தான் வழிகிறது. லேசர் அச்சில் டோனர் தூள் சூட்டில் உருகிக் காகிதத்தில் பதிவதால் கரையாது. ஆனால் காகிதம் ஊறத்தான் செய்யும். ஆகவே ஜெராக்ஸ் கடையில், லேசருக்கு ஏற்ற பிளாஸ்டிக் ஸ்டிக்கர் தாள் கேளுங்கள். சாதாரண பிளாஸ்டிக் தாள் மெஷின் சூட்டில் உருகிவிடும்.

95 × 70 மி.மீ. அளவென்றால் ஏ4 தாளில் 8 வரும். 5 தாள் போதும், வீணாவதற்கு ஒன்று சேர்த்து வாங்குங்கள். கோப்பைப் பிடிஎஃப் ஆகக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் கடைக் கணினியில் தமிழ் எழுத்து உடையும்.

பழைய லேபிளை, சலவை சோடா கலந்த வெதுவெதுப்பான நீரில் அரை மணி ஊறவைத்துச் சுரண்டுங்கள். சர்பத் ஊற்றி மூடியபின் பாட்டிலைத் துடைப்பது மிக முக்கியம்: பாகுப் பிசுக்கு இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. நன்றாகக் காய்ந்ததும், குளிரவைப்பதற்கு முன்பே, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து ஒட்டுங்கள். கழுத்து வளைவில் ஏறினால் சுருங்கும்; அதற்கு 1 செ.மீ. கீழேயே நிறுத்துங்கள்.

காய்ச்சிய தேதியையும் லேபிளில் போடுங்கள். வாங்குபவர் தேடுவது அதைத்தான்.