எஃப் கார்டும் வலிக்கும் கட்டை விரலும்

கேள்வி: மூன்று வருடமாக வீடியோ பார்த்து நானே கிடார் கற்கிறேன். எஃப் கார்டு, அதாவது ஆள்காட்டி விரலால் எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கும் சுரக்கூட்டு, இன்னும் கொர்ரென்றுதான் ஒலிக்கிறது. பத்தே நிமிடத்தில் இடது கட்டை விரலின் அடிப்பகுதி வலிக்கிறது. பழகிப்போன கையை மாற்ற முடியுமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: முடியும். 12 வருடம் வாசித்த பிறகு நானே மாற்றிக்கொண்டவன். முதலில், வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். ஓய்வெடுத்தும் போகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

இப்படி வலிப்பவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் அழுத்துகிறார்கள். மூன்றாவது ஃப்ரெட்டை (கிடார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் ஒரு தந்தியைச் சும்மா தொடுங்கள். மீட்டினால் 'டப்' என்று செத்த ஓசை வரும். மீட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். இரைச்சல் வரும், பிறகு ஓரிடத்தில் ஓசை சட்டென்று தெளியும். அவ்வளவு அழுத்தம் போதும். தினமும் ஐந்து நிமிடம் இதை மட்டும் செய்யுங்கள்.

எஃப் வடிவத்தை முதல் ஃப்ரெட்டில் பழகாதீர்கள். அங்கே தந்தி மிகவும் விறைப்பாக இருக்கும். அதே வடிவத்தை ஐந்தாவதில் பிடித்தால் அது ஏ மேஜர் என்ற வேறு கார்டு, கைக்கு எளிது. ஆள்காட்டி விரலைக் கட்டை விரல் பக்கமாக லேசாகச் சாய்த்து, அதன் எலும்புள்ள ஓரத்தால் அழுத்துங்கள். அப்புறம் ஒவ்வொரு ஃப்ரெட்டாக முதல் ஃப்ரெட்டை நோக்கி வாருங்கள்.

இன்னொன்று, ஒரு மாதம் பழைய பாட்டுகளைத் தொடாதீர்கள். அவற்றை எடுத்ததுமே கை பழைய பிடிக்குப் போய்விடும். புதுப் பாட்டு ஒன்றை, மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்துத் தொடங்குங்கள்.