கருப்பட்டிக்கு ஏன் இந்த விலை? – ஒரு கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் கோவைக்காரன். உங்கள் கட்டுரைகளை மூன்று ஆண்டுகளாக வாசிக்கிறேன். பனை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இந்த வைகாசியில் குடும்பத்தோடு திருச்செந்தூர் பக்கம் வந்தோம். உடன்குடி, சாத்தான்குளம், தேரிக்காடு எல்லாம் சுற்றினோம். பனையோலைப் பட்டையில் நுங்கு போட்டுக் குடித்த பதநீர், தேரியின் செம்மண்ணில் விழுந்த மாலை வெயில், நுங்கு வண்டி ஓட்டிய என் மகளின் முகம், இவை மூன்றும் இந்தப் பருவத்தில் எனக்கு மிகவும் பிடித்தவை. பருவம் முடிந்துவிட்ட இந்த வேளையில் உங்களுக்குப் பிடித்தவற்றையும் பட்டியலிட்டு எழுதினால் மகிழ்வேன்.

சில கேள்விகளும் உண்டு. கள்ளுக்கு ஏன் இன்னும் தடை? சர்க்கரை நோய் உள்ள என் அப்பா கருப்பட்டி சாப்பிடலாமா? கடைசியாக ஒன்று. கருப்பட்டி காய்ச்சும் ஓலைக் குடிலான விடிலி வைத்திருந்த ஒரு வீட்டில் கருப்பட்டிக்குச் சொன்ன விலை, எங்கள் ஊர்க் கடை விலையைப் போல இரு மடங்கு. பேரம் பேசிப் பார்த்தேன். அந்த அம்மாள் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. பனைக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, உரம் போடுவதில்லை. தானாக வளரும் மரம், தானாகச் சுரக்கும் பதநீர். அதற்கு எதற்கு இவ்வளவு விலை? சாலையோரக் கடை ஒன்றில் பாதி விலைக்கு ஐந்து கிலோ வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினோம்.

அன்புடன்,
கோவை வாசகர்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று, அடுப்புக்கு மேலே உள்ள பரணிலிருந்து ஓலைப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். சாரல் காற்று பட்டுக் கருப்பட்டி கசியத் தொடங்கியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் துணியால் ஒற்றி வைத்தபோது என் ஆச்சியின் நினைவு. பருவம் முடிந்து ஆடிக் காற்று அடிக்கும்போதெல்லாம் அவள் வந்துவிடுவாள். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதத்தில் ‘தானாகச் சுரக்கும் பதநீர்’ என்ற வரி. கையிலிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் மற்றவற்றை முடித்துவிடுகிறேன். கள்ளுக்கு 1987-இலிருந்து தடை இருக்கிறது. வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் மேடை போட்டுப் பேசுகிறார்கள், அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்று எனக்கு அதில் மனம் செல்லவில்லை. உங்கள் அப்பாவுக்குக் கருப்பட்டி வேண்டாம். கருப்பட்டியும் சர்க்கரைதான். அதில் உள்ள இரும்புச்சத்தையும் சுண்ணாம்புச்சத்தையும் காட்டி, நீரிழிவுக்காரர்களும் அள்ளித் தின்னலாம் என்று சொல்லி விற்கிறவர்கள் பெரிய பாவம் செய்கிறார்கள். மருத்துவர் சொல்வதைக் கேட்கச் சொல்லுங்கள். நுங்கு வண்டி ஓட்டிய மகளுக்கு என் முத்தம்.

இனி அந்த ‘தானாக’வுக்கு வருகிறேன்.

பனை தானாக வளரும், சரி. பதநீர் தானாக வராது தம்பி. மாசியில் பாளை வெளிவந்ததும் அதன் மேல் ஓலையைச் சீவிக் கழித்து, கடிப்பு என்ற மர இடுக்கியை வைத்து நாள் கணக்கில் இடுக்கி நசுக்கி, நார் கொண்டு சேர்த்துக் கட்டி, நுனியை மெல்லச் சீவிக்கொண்டே வந்தால்தான் ஒரு நாள் சொட்டத் தொடங்கும். ஆண்பனைக்கு ஒரு விதம், பெண்பனைக்கு ஒரு விதம். சொட்டத் தொடங்கிய பிறகு காலையும் மாலையும் ஏறிச் சீவ வேண்டும். சீவல் தடித்தால் பாளை வீணாகும். சில நாள் சீவாமல் விட்டால் வெட்டுவாய் அடைத்துப் பாளை காய்ந்துபோகும். அதனால் மாசி முதல் ஆடி வரை பனையேறிக்குக் காய்ச்சல் வந்தாலும் விடுமுறை கிடையாது, வீட்டில் துக்கம் விழுந்தாலும் கிடையாது. ஒருவர் 30 பனை ஏறுகிறார் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் 40 அடி. காலையும் மாலையும் சேர்த்து 2,400 அடி ஏற்றம், அதே அளவு இறக்கம், இடுப்பில் அரிவாள் பெட்டியும் கலயமுமாக. என் தாத்தாவின் நெஞ்சில் பனஞ்செதில் உரசி உரசித் தோல் மரத்துப்போயிருக்கும். குழந்தையில் அவர் மேல் சாய்ந்து படுத்தால் கன்னத்தில் குத்தும்.

பனையேறியின் பாட்டையாவது ஊரில் பேசுகிறார்கள். மரத்தில் இருப்பவரை அண்ணாந்து பார்க்கலாம், படம் பிடிக்கலாம். நீங்களும் பிடித்திருப்பீர்கள். இறக்கிய பதநீரை அதன் பிறகு யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் அது கள்ளாகாமல் பதநீராக இருக்கிறது. அந்தக் காவலும் கொஞ்ச நேரத்துக்குத்தான். வெயில் ஏறுமுன் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். ஏற்றுகிறவள் வீட்டுப் பெண். ஆச்சி பன்னாடையில் வடிகட்டிப் பெரிய பாத்திரத்தில் ஊற்றுவாள். விடிலி என்றால் நான்கு பக்கமும் ஓலை, மேலே ஓலை, நடுவில் தரையோடு தரையாக அடுப்பு, ஆள் குனிந்துதான் நுழைய முடியும். வெளியே அக்கினி நட்சத்திரம், உள்ளே அந்த அடுப்பு. மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம். நூறு பங்கு பதநீரில் இனிப்பு ஏறத்தாழப் பத்து முதல் பன்னிரண்டு பங்குதான். மீதியெல்லாம் தண்ணீர். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழப் பத்து லிட்டர் பதநீர் வேண்டும் என்றால், அந்தத் தண்ணீர் முழுவதையும் விறகு எரித்து ஆவியாக்க வேண்டும். அந்த விறகை யார் பொறுக்கினார்? பிற்பகலில் காவோலையும் மட்டையும் உடைமுள்ளும் பொறுக்கித் தலையில் சுமந்து வந்தவளும் அவள்தான்.

பொங்கி வரும். நுரை விளிம்புக்கு ஏறும்போது ஆமணக்கு விதை இரண்டை நசுக்கிப் போடுவாள், அடங்கும். வெள்ளை மறைந்து தேன் நிறம் வரும், பிறகு செம்மை, பிறகு கருமை. கொதிக்கும் சத்தமே மாறிவிடும். தொடக்கத்தில் சளசளவென்று இருந்தது பிறகு தொப் தொப்பென்று கனத்துக் குமிழி விடும். ஆச்சி பாகில் ஒரு சொட்டை எடுத்துச் சிரட்டைத் தண்ணீரில் விடுவாள். விரலால் உருட்டிப் பார்ப்பாள். கரைந்தால் இன்னும் வேக வேண்டும். உருண்டை திரண்டு, சிரட்டையில் தட்டினால் ‘டிக்’ என்று சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தம் வந்த நொடியில் இறக்க வேண்டும். முந்தினால் அச்சில் உறையாது, பிந்தினால் கரிந்து கசக்கும். துடுப்பால் துழாவி, மணலில் வரிசையாகப் பதித்த நனைத்த சிரட்டைகளில் ஊற்றுவாள். அவள் வலது முன்கை முழுதும் சிறு சிறு வட்டத் தழும்புகள் இருந்தன. பாகு தெறித்த இடங்கள். சிறு வயதில் அவற்றை அம்மைத் தழும்பு என்று நினைத்திருந்தேன்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். சித்திரையில் ஒரு நாள் நண்பகலில் கோடை மழை பிடித்துக்கொண்டது. பாகு தேன் நிறத்தில் இருந்தது. வெளியே அடுக்கியிருந்த விறகெல்லாம் நனைந்துவிட்டது. அடுப்பில் புகை மட்டும் வந்தது, தீ இறங்கிக்கொண்டே போனது. அன்றைக்கு 25 பனையின் பதநீர் அந்தப் பாத்திரத்தில். ஆச்சி சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று விடிலியின் கூரையிலிருந்தே காய்ந்த உள்ளோலையைப் பிடித்து இழுத்தாள். இழுத்து அடுப்பில் வைத்தாள். மீண்டும் இழுத்தாள். பிய்த்த இடத்தில் மழை கொட்டியது. என்னைக் கூப்பிட்டு முறத்தை அடுப்புக்கு மேலே குடை போலப் பிடிக்கச் சொன்னாள். நான் பிடித்துக்கொண்டு நின்றேன். கை நடுங்கியபோதெல்லாம் “பொறு மக்கா, பொறு மக்கா” என்று சொல்லிக்கொண்டே எரித்தாள். பதம் வந்து இறக்கியபோது ஒரு பக்கக் கூரை இல்லை. இருவரும் தொப்பலாக நனைந்திருந்தோம். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அந்த வாரம் வியாபாரி வந்தார். தை மாதத்தில் அவரிடம் தாத்தா முன்பணம் வாங்கியிருந்தார். அதனால் விலை சொல்வது அவர் பாடு. தராசில் ஏற்றிவிட்டு, கருப்பட்டி ஈரமாக இருக்கிறது என்று பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழித்தார். ஆச்சி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கூரையைப் பிய்த்தபோது அழாத நான் அப்போது அழுதேன். எதற்கு அழுகிறாய் என்று தாத்தா என்னை அதட்டினார்.

பனை ஏறுவதற்குக் கூலிக் கணக்கு உண்டு. விறகுக்குக்கூட உண்டு. அவள் அடுப்படியில் நின்ற அந்த நான்கு மணி நேரத்துக்கு எந்தக் கணக்கிலும் ஒரு பத்தி இருந்ததில்லை. ‘வீட்டு வேலை’யோடு வேலையாக அது போய்விட்டது. கருப்பட்டி மலிவாக இருந்த காலம் என்று பழையவர்கள் சொன்னால் எனக்கு எரிச்சல் வருவது அதனால்தான். மலிவாக இருந்தது ஆச்சியின் உழைப்பு.

இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். ‘அந்த அம்மாள் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் குறையாகச் சொன்னது எனக்கு எப்படிப்பட்ட நல்ல செய்தி தெரியுமா? யாரென்று தெரியாத அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. என் ஆச்சி வாயைத் திறக்க முடியாமல் நின்ற அதே மண்ணில் ஒருத்தி, காரில் வந்து இறங்கியவரின் முகத்துக்கு நேராக, இதுதான் விலை என்று சொல்லியிருக்கிறாள்.

நீங்கள் அவளிடம் பேரம் பேசியதை என்னால் எளிதில் மறக்க முடியவில்லை. கோவையில் ஒரு கோப்பைக் காப்பிக்கும் திரையரங்கில் ஒரு பொட்டலம் சோளப்பொரிக்கும் எழுதியிருக்கும் விலையை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறீர்கள். வியர்வையோடு எதிரே நிற்பவளிடம் மட்டும் ஏன் குறைத்துக் கேட்கத் தோன்றுகிறது? உங்களை மட்டும் சொல்லவில்லை. படித்த, நல்ல மனம் படைத்த, மகளுக்கு நுங்கு வண்டி கட்டிக் கொடுக்கிற மனிதர்கள் எல்லோரும் இதைச் செய்கிறார்கள். அதனால்தான் வலிக்கிறது.

பாதி விலைக்கு வாங்கிய ஐந்து கிலோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பத்து லிட்டர் பதநீரும் விறகும் இரண்டு பேர் உழைப்பும் அந்த விலைக்குள் அடங்காது. கரும்புச் சீனி அடங்கும். சீனியைக் கரைத்து, நிறத்துக்கும் மணத்துக்கும் கொஞ்சம் பழைய கருப்பட்டியைச் சேர்த்து, அதே சிரட்டையில் ஊற்றி எடுத்துவிடுகிறார்கள். இந்த மழைக்காலம் முடியும் வரை அதை வெளியே வைத்துப் பாருங்கள். நல்ல கருப்பட்டி ஈரத்தை உறிஞ்சிக் கசிந்து இளகும். உங்களுடையது கல்லாகவே இருந்தால் நான் மேலும் சொல்ல வேண்டியதில்லை. 2023-இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சிதான். மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021-இல் அரசு அறிவித்தது, அதுவும் நல்லதுதான். ஆனால் எங்கள் விளையில், அதாவது பனந்தோப்பில், வெட்டப்படாமல் நிற்கும் பனைகளில் பாதிக்கும் மேல் இந்த ஆண்டு கலயம் கட்டவில்லை. ஏறத் தெரிந்தவர் இருக்கிறார், காய்ச்ச ஆள் இல்லை. அவர் மனைவிக்கு மூட்டு வலி, மருமகள் வேலைக்குப் போகிறாள், அவளை அந்தப் புகைக்குள் போகச் சொல்ல எனக்கும் வாய் வராது. அடுப்பு அணைந்த வீட்டில் பாளை அரிவாளும் தானே துருப்பிடிக்கிறது.

உங்களுக்குப் பிடித்தவற்றின் பட்டியலை நான் குறை சொல்லவில்லை. பட்டையின் ஓரத்தில் உதடு படும்போது வரும் பச்சோலை வாசம் எனக்கும் பிடிக்கும். என்னைக் கேட்டால், இறக்கிய பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் பாகை ஓலைத் துண்டால் வழித்து ஆச்சி நீட்டுவாளே, சூடு ஆறாமல் பல்லில் ஒட்டிக்கொள்ளுமே, அதைத்தான் சொல்வேன். இந்தப் பருவத்திலும் ஒரு விடிலியில் கேட்டு வாங்கித் தின்றேன்.

ஆவணி பிறந்துவிட்டது. விளையில் பனம்பழம் விழத் தொடங்கியிருக்கிறது. காலையில் போனால் மணம் இழுத்துக்கொண்டு போய் மரத்தடியில் நிறுத்துகிறது. கொட்டைகளைப் பொறுக்கிப் புரட்டாசியில் பாத்தி போடுவேன். தைக்குள் கிழங்கு இறங்கிவிடும். மகளின் பேரையும் முகவரியையும் எழுதி அனுப்புங்கள், பொங்கலுக்கு அவளுக்கு ஒரு கட்டு பனங்கிழங்கு அனுப்புகிறேன். சித்திரையில் மீண்டும் வாருங்கள். தேரியை மாலையில் பார்த்துக்கொள்ளலாம். காலை ஒன்பது மணிக்கு விடிலிக்குள் வந்து, அந்த அம்மாள் பதம் பார்த்து இறக்கும் வரை அடுப்பருகே உட்கார்ந்திருங்கள். மகளையும் கூட்டி வாருங்கள். முறம் பிடிக்க ஆள் வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அக்கா