தண்டனைக் குறைப்பு என்றால் என்ன? அதில் சட்ட மாணவருக்கு என்ன வேலை?

நீதிமன்றம் விதித்த தண்டனையில் மீதமுள்ள காலத்தை அரசு தள்ளுபடி செய்வதுதான் தண்டனைக் குறைப்பு. குற்ற வழக்குகளின் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 473ஆம் பிரிவு இந்த அதிகாரத்தைத் தருகிறது. திருந்திவிட்டவரை மேலும் அடைத்துவைப்பதால் யாருக்கும் பயனில்லை என்பதே அடிப்படைக் காரணம். எனக்கும் அதில் முழு உடன்பாடு.

பாம்பனில் ஒரு விசைப்படகு உரிமையாளர், நன்றாக உழைத்த மீனவரின் முன்பணத்தில் மிச்சத்தைத் தள்ளிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கிய விவரம் கணக்கு நோட்டில் அப்படியே இருக்கும். குற்றவாளி என்ற தீர்ப்பும் அப்படித்தான், அழியாது.

இராமநாதபுரத்தில் பயிற்சிக்குச் சேரும் மாணவர் நீதிமன்றத்தில் வாதாட முடியாது. அவருக்குத் தாள்களோடுதான் வேலை: தீர்ப்பு நகல், சிறை நன்னடத்தைக் குறிப்பு, விசாரணைக் கைதியாக இருந்த நாட்களின் கணக்கு. குறிப்பிட்ட காலச் சிறைத்தண்டனையில் அந்த நாட்களைக் கழிக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 468ஆம் பிரிவு. கைதான தேதியைத் தவறாகக் குறித்துவிட்டால் ஒருவர் கூடுதலாகச் சிறையில் கிடக்க நேரிடும். தங்கச்சிமடத்திலிருந்து மதுரை மத்திய சிறைக்கு பஸ் ஏறும் மனைவிக்கு அந்த நாட்களின் கனம் தெரியும். சிறையில் இருப்பவருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக வழக்கறிஞர் உதவி இலவசம்.

ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது ஆயுள் முழுவதற்குமானது, மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றங்களில் 14 ஆண்டு சிறையில் கழியும் முன் குறைப்பு தந்து விடுவிக்க முடியாது என்பதைத்தான் சட்டம் சொல்கிறது.