பச்சையாய் நிற்கிற சவுக்கை ஏன் வெட்ட வேண்டும்? – கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கம்,

திருக்கோவிலில் இருந்து எழுதுகிறேன். சுனாமிக்குப் பிறகு எங்கட கரையோரத்தில் நட்ட சவுக்குத் தோப்பில் கொஞ்சக் காலமாக மரங்கள் காய்ந்து வருகின்றன. முதலில் நுனி மஞ்சளாகும், பிறகு முழு மரமும் பழுப்பாகிவிடும். தண்டில் பட்டை கொப்புளம் போல எழும்பி வெடிக்கிறது, தொட்டால் கையில் கறுப்புத் தூள் ஒட்டுகிறது. ஒரு பக்கம் முழுக்கப் போய்விட்டது. ஆனால் செத்த மரங்களுக்கு நடுவிலேயே சில மரங்கள் ஒன்றும் ஆகாத மாதிரி நிற்கின்றன. சங்கத்தில், எல்லாவற்றையும் அடியோடு வெட்டிவிட்டு ஒரே நாற்றுமேடையில் கன்று எடுத்து நடுவோம் என்று பேசுகிறார்கள். நோய் தாங்கும் மரங்களை வெளிநாடுகளில் உருவாக்குகிறார்கள் என்று நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். சவுக்கில் அப்படி ஏதும் உண்டா? மரபணு மாற்றிச் செய்யலாம் என்கிறார்களே, உண்மையா? அடுத்த கூட்டத்தில் நான் எழும்பி ஏதாவது சொல்ல வேண்டும்.

– ஒரு வாசகர், திருக்கோவில்

அன்பின் தம்பி,

கூட்டத்துக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். செத்ததை அனுமதி எடுத்து வெட்டுங்கள். பச்சையாய் நிற்கிற ஒரு மரத்தையும் வெட்ட விடாதீர்கள். உங்கள் தோப்பில் இப்போது விலைமதிப்பானவை அந்தச் சில மரங்கள்தான், அவற்றையும் சேர்த்துத் துடைத்துவிட்டால் அந்த நட்டத்தை எந்த நாற்றுமேடையாலும் ஈடுசெய்ய முடியாது.

நீங்கள் சொல்கிற கொப்புளமும் கறுப்புத் தூளும் சவுக்கின் பட்டைக் கொப்புள நோய் போலத்தான் இருக்கின்றன. ட்ரைக்கோஸ்போரியம் வெசிகுலோசம் என்ற பங்கசு செய்கிற வேலை அது. அந்தத் தூள் முழுக்க அதன் வித்திகள். தமிழ்நாட்டுச் சவுக்குத் தோட்டக்காரர்களுக்கு நன்றாகப் பழக்கமான நோய். ஆனால் படிக்கிற நானும் பார்க்கிற நீங்களும் ஊகிப்பது போதாது, ஏனென்றால் சவுக்கை வாட வைக்கிற பக்றீரியா நோய் ஒன்றும் இருக்கிறது. சீனாவின் தென்கரையில் தோப்புத் தோப்பாக அழித்தது அதுதான். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு: வாடத் தொடங்கிய மரத்தின் அடித்தண்டிலோ வேரிலோ ஒரு துண்டை வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முகம் தண்ணீரில் படும்படி பிடித்துக்கொண்டிருங்கள். பால் போல வெள்ளை நூல் இறங்கினால் பக்றீரியா. ஒன்றும் இறங்காவிட்டால் பங்கசு என்ற சந்தேகம் வலுக்கும், அவ்வளவுதான், உறுதியாகாது. கொப்புளப் பட்டையைக் கடதாசியில் சுற்றி (பொலித்தீனில் வேண்டாம், வேர்த்து அழுகிவிடும்) வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்துக்குக் கொண்டுபோய்க் கேளுங்கள்.

சரி, பச்சை மரங்களை ஏன் விடச் சொல்கிறேன்? அமெரிக்கக் கஷ்கொட்டைக்கு நடந்ததை நினைத்துத்தான். ஆசியாவில் இருந்து வந்த ஒரு பங்கசை 1904இல் நியூயோர்க்கில் கண்டார்கள். 1950 ஆவதற்குள் முந்நூறு கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் போய்விட்டன. அந்த அவசரத்தில் நோய் எட்டாத காடுகளிலும் 'எப்படியும் சாகப்போகிறது, பலகையாவது மிஞ்சட்டும்' என்று வெட்டித் தள்ளினார்கள். அவற்றுள் நோயைத் தாங்கக்கூடிய மரம் ஒன்றிரண்டு இருந்திருந்தால் அதுவும் அந்தப் பலகையோடு போயிருக்கும். இப்போது ஐரோப்பாவில் ஆஷ் மரங்களுக்கு நுனிகாய்வு நோய். 1992இல் போலந்தில் முதலில் கவனித்தது இன்று கண்டம் முழுக்க. இந்த முறை பாடம் படித்திருக்கிறார்கள்: நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து மரம் வரை நோயை நன்றாகத் தாங்கும் என்பது தெரிந்ததும், நலமாய் நிற்பதைத் தொடாதீர்கள் என்று காணிக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு அவற்றிலிருந்து விதையும் ஒட்டுக்கிளையும் சேர்க்கிறார்கள்.

ஆனால் பச்சையாய் நிற்கிற மரமெல்லாம் நோயெதிர்ப்பு உள்ளது என்று எண்ணிவிடாதீர்கள். காற்று அந்தப் பக்கம் வித்தியைக் கொண்டுபோகாமல் விட்டிருக்கலாம், அல்லது அந்த இடத்தில் வேருக்கு நல்ல தண்ணீர் கிடைத்திருக்கலாம். அதிர்ஷ்டத்தில் தப்பியதா, உள்ளே சரக்கு இருக்கிறதா என்று அறிய நோயைக் கொடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அமெரிக்காவின் ஓரிகனில் டொரீனா என்ற இடத்தில் 1966இல் இருந்து இதையே செய்கிறார்கள். வெள்ளைப் பைனில் வருகிற கொப்புளத் துரு நோய்க்கு நடுவில் இன்னொரு செடி வேண்டும், ரைபீஸ் என்ற பற்றை. காட்டில் தப்பி நிற்கிற பைனின் விதையை எடுத்து நாற்றாக்கி, பனிமூட்டம் போல ஈரம் நிறைத்த அறையில் வரிசையாக வைத்து, மேலே வலை கட்டி அதில் துரு பிடித்த ரைபீஸ் இலைகளைப் பரப்பிவிடுவார்கள். வித்தி மழை போல நாற்றுகளின் மேல் விழும். அதற்குப் பிறகு எது ஊசியிலையில் புள்ளி விழுந்து சாகிறது, எது புள்ளி விழுந்தும் பிழைக்கிறது என்று வருடக்கணக்கில் பார்த்துக் குறிக்க வேண்டும். பிழைத்ததுதான் அடுத்த தலைமுறைக்குத் தாய். எனக்கு இந்த வேலையில் அளவில்லாத மரியாதை உண்டு, நட்டவர் பலர் விளைவைப் பார்க்காமலே ஓய்வு பெறுகிறார்கள்.

ஒரே நாற்றுமேடை என்ற பேச்சுத்தான் என்னை உண்மையில் பயமுறுத்துகிறது. சீனிப் பைன் என்ற மரத்தில் அந்தத் துருவைத் தடுக்கிற ஒற்றை மரபணு ஒன்றை 1970இல் கண்டுபிடித்தார்கள். பங்கசு இறங்கிய இடத்தைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் தாமே செத்து அதைப் பட்டினி போட்டுவிடும். நல்ல காவல்தான். ஆனால் சில வருடங்களிலேயே கலிபோர்னியாவில் ஒரு தோட்டத்தில் அந்தக் காவலைத் தாண்டுகிற துரு வகை எழுந்துவிட்டது. ஒரே பூட்டை எல்லா வீட்டுக்கும் போட்டால் ஒரு சாவி போதும். அவ்வளவு தூரம் போவானேன், நம்முடைய இறப்பரையே பாருங்கள்: ஆர்ஆர்ஐசி 103 என்ற வகை நல்ல விளைச்சல் தருகிறது என்று நட்டார்கள், 1980களின் நடுப்பகுதியில் கொரினெஸ்போரா இலையுதிர்வு நோய் வந்து பிடித்தது, கடைசியில் அதைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அதற்கும் முன்பு 1869இல் வந்த கோப்பித் துரு இலங்கையின் கோப்பித் தோட்டங்களையே இல்லாமல் செய்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நெதர்லாந்தில் கிறிஸ்டின் பௌஸ்மன் என்ற பெண் விஞ்ஞானியின் உழைப்பும் நினைவுக்கு வருகிறது. எல்ம் என்ற மரத்தைச் சாகடிக்கிற ஒரு பங்கசு நோயை அதன் நாற்றுகளுக்கு ஏற்றி ஏற்றிப் பார்த்துப் பிழைத்ததைத் தெரிவு செய்தார். 1936இல் அவர் இறந்த பிறகு அந்த மரம் அவர் பெயரிலேயே வெளிவந்தது. எல்ம் நோயைத் தாங்கிய அது வேறொரு பங்கசிடம் எளிதாக மாட்டிக்கொண்டது. அதனால் ஒரு மரம், ஒரு தாய், ஒரு குணம் என்று நம்பி இறங்க வேண்டாம்.

உங்கள் பச்சை மரங்களில் வர்ணம் பூசி அடையாளம் வையுங்கள். சவுக்கில் பெரும்பாலும் ஆண் மரம் வேறு பெண் மரம் வேறு, காய் தருவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விறகாக்கிவிடாதீர்கள், மகரந்தம் அதிலிருந்துதான் வருகிறது. முற்றிய காயை வெயிலில் துணியில் பரப்பினால் இரண்டு மூன்று நாளில் வாய் திறந்து சிறகு வைத்த விதை கொட்டும். காற்றுக்கும் எறும்புக்கும் காவல் இருக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் எறும்பு வரிசையாகக் கொண்டுபோய்விடும். ஒவ்வொரு தாய் மரத்தின் விதையையும் தனித்தனிப் பைகளில் போட்டு எண் எழுதுங்கள். எந்தத் தாயின் கன்று நிற்கிறது என்று பிறகு தெரிய வேண்டும். வெட்டிய நோய் மரத்தின் பட்டையை அங்கேயே பள்ளம் தோண்டி எரித்துவிடுங்கள், விறகென்று வண்டியில் ஏற்றித் தம்பட்டைக்கோ அக்கரைப்பற்றுக்கோ அனுப்பினால் வித்தியும் கூடவே பயணம் செய்யும். கத்தியையும் கோடாலியையும் ஒவ்வொரு மரத்துக்கும் இடையில் சுத்தம் செய்யுங்கள். வெறுமையான இடத்தில் சவுக்கை மட்டும் நடாமல் பூவரசும் புன்னையும் தாழையும் கலந்து நடுங்கள்.

சவுக்கில் ஆராய்ச்சி இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது. கோயம்புத்தூரில் வன மரபியல் நிறுவனம் இந்த மரத்திலேயே நீண்ட காலம் வேலை செய்கிறது, ஜங்ஹூனியானா என்ற இன்னொரு சவுக்கு இனத்தையும் அதன் கலப்புகளையும் வளர்த்துப் பார்க்கிறார்கள். சவுக்கு சில வருடங்களிலேயே காய்க்கிற மரம், பைனையும் கஷ்கொட்டையையும் விட இது ஆராய்ச்சிக்காரருக்கு எவ்வளவோ வசதி.

மரபணு மாற்றம் பற்றி: கஷ்கொட்டையில் செய்தார்கள். பங்கசு விடுகிற ஒட்சாலிக் அமிலத்தை உடைக்கிற ஒரு நொதியின் மரபணுவைக் கோதுமையில் இருந்து எடுத்து மரத்தில் வைத்தார்கள். பங்கசைக் கொல்லாமல் அதன் ஆயுதத்தை மட்டும் பறிக்கிற யோசனை, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் 2023 டிசம்பரில், ஆய்வில் இருந்தது தாங்கள் நினைத்த மரபணு மாற்று மர வகையே அல்ல, வேறொரு வகை மாறிப்போயிருக்கிறது என்று தெரியவந்து, வயல் சோதனைகளும் எதிர்பார்த்தபடி அமையாததால் அதற்குத் துணைநின்ற அமெரிக்கக் கஷ்கொட்டை அறக்கட்டளையே ஆதரவை விலக்கிக்கொண்டது. அந்த அமைப்பு 1983இல் தொடங்கியது, அதாவது அதற்குள் நாற்பது வருடம் போய்விட்டது. ஆகவே உங்கள் கூட்டத்தில் யாராவது ‘ஊசி போட்ட கன்று வரும், அதுவரை வெட்டிவிட்டுக் காத்திருப்போம்’ என்று சொன்னால் இந்த வருடக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள்.

கூட்டத்துக்கு முன்பு பட்டையின் படமும் குவளைச் சோதனையின் படமும் அனுப்பிவையுங்கள். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு பேனை வையுங்கள், கொப்புளத்தின் அளவு தெரியும்.