டோக்கியோவில் வீடு வாங்கலாமா, பூகம்பத்துக்குப் பயந்து வாடகையிலேயே இருக்கலாமா?

கேள்வி: டோக்கியோவின் நிஷி-கசாயில் ஒன்பது வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறோம். ஐ.டி. வேலை, நிரந்தர வசிப்புரிமை இருக்கிறது. மனைவி, இரண்டு குழந்தைகள். பக்கத்திலேயே 6 கோடி யென்னுக்கு ஓர் அடுக்குமாடி வீடு பார்த்திருக்கிறோம். வங்கி 5.4 கோடி கடன் தருகிறது. சேமிப்பு 90 லட்சம் யென். முன்பணம் 60 லட்சம், இதர செலவு 20 லட்சம் போனால் 10 லட்சம் மிஞ்சும். தாம்பரத்தில் ஒரு ஃபிளாட் வாடகைக்கு விட்டிருக்கிறோம். "முப்பது வருடத்துக்குள் பெரிய பூகம்பம் வர 80 சதவீத வாய்ப்பு" என்று படித்ததிலிருந்து என் மனைவி வீடே வேண்டாம் என்கிறார். இன்சூரன்ஸ் எடுத்துவிட்டால் போதாதா? அம்மா போட்ட நகைகளும் வீட்டில்தான் இருக்கின்றன. அவற்றுக்கும் சேர்த்து எடுக்கலாமா?

பதில்: முதலில் அந்த 80 சதவீதத்தைப் பார்ப்போம். உங்கள் மனைவி படித்தது நான்காய் பள்ளத்துக்கான கணக்கு. அந்தப் பள்ளம் ஷிஸுஒகா பக்கத்திலிருந்து கியூஷூ வரை கடலடியில் ஓடுகிறது. 2025 ஜனவரியில் "80 சதவீதம் அளவில்" என்றார்கள். அதே வருடம் செப்டம்பரில் அரசின் ஆய்வுக் குழு அதை மாற்றி, ஒரு முறையில் கணக்கிட்டால் 60 முதல் 90 சதவீதத்துக்கு மேல், இன்னொரு முறையில் 20 முதல் 50 சதவீதம் என்றது. பூமி மாறவில்லை, கணக்குப் போடும் விதம்தான் மாறியது. டோக்கியோவாசிகளுக்கு இன்னும் நெருக்கமானது தலைநகர்ப் பகுதிக்கு நேர் அடியில் வரக்கூடிய 7 ரிக்டர் அளவிலான நடுக்கம். அதற்கு முப்பது வருடத்தில் சுமார் 70 சதவீதம் என்கிறார்கள். 1703-க்கும் 1923-க்கும் இடைப்பட்ட 220 வருடத்தில் அப்படிப்பட்டவை எட்டு வந்தன. அந்தச் சராசரியில் பிறந்ததுதான் இந்த 70. என்றைக்கு வரும் என்று இந்த எண்கள் எதுவும் சொல்லவில்லை. 2025 ஜூலை 5 அன்று பேரழிவு என்று ஒரு பழைய மங்கா சித்திரக்கதையைக் காட்டி வாட்ஸ்அப்பில் சுற்றியதே, அந்த நாள் சாதாரணமாகத்தான் கழிந்தது.

உங்கள் வீட்டுக்கடன் 35 வருடமாக இருக்கும். அந்தக் காலத்துக்குள் ஒரு பெரிய குலுக்கல் வரும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். அப்படிப் போட்டால் எனக்குப் பயம் தருவது அந்த 80 அல்ல. உங்கள் கடிதத்திலேயே இருக்கும் "10 லட்சம் மிஞ்சும்" என்ற வரிதான்.

இன்சூரன்ஸ் என்ன தரும் என்று பார்ப்போம். ஜப்பானில் பூகம்பக் காப்பீட்டைத் தனியாக வாங்க முடியாது. தீக்காப்பீட்டோடு இணைத்துத்தான் எடுக்கவேண்டும், அதுவும் தீக்காப்பீட்டுத் தொகையில் 30 முதல் 50 சதவீதம் வரைதான். கட்டடத்துக்கு உச்சவரம்பு 5 கோடி யென், வீட்டுச் சாமான்களுக்கு 1 கோடி. அரசு பின்னால் நின்று மறுகாப்பீடு தருவதால் எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் பிரீமியம் ஒன்றே. அதனால் கம்பெனி கம்பெனியாக விலை விசாரித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உங்கள் 6 கோடியில் நிலத்தின் பங்கும் பொதுப்பகுதிகளின் பங்கும் அடக்கம். உங்கள் சுவர்களுக்குள் இருக்கும் பகுதிக்கு மட்டும்தான் நீங்கள் காப்பீடு எடுப்பீர்கள். அது 2 கோடி என்று வைத்துக்கொண்டால் பூகம்பக் காப்பீடு அதிகபட்சம் 1 கோடி. டோக்கியோவில் கான்கிரீட் கட்டடத்துக்கு ஒரு கோடிக்கு ஆண்டுப் பிரீமியம் 27,500 யென். 1981 ஜூனுக்குப் பிறகு கட்டியதென்றால் 10 சதவீதம் தள்ளுபடி, ஆக 24,750. சாமான்களுக்கு 50 லட்சம் எடுத்தால் இன்னொரு 12,375. மொத்தம் வருடத்துக்கு 37,125 யென். வருமான வரியில் 50,000 யென் வரை கழிவும் உண்டு. மாதம் மூவாயிரம் சொச்சம்தான், எடுத்துவிடுங்கள். ஆனால் எல்லாம் இடிந்து தரைமட்டமானாலும் கட்டடத்துக்குக் கிடைப்பது 1 கோடி. கடன் பாக்கி 5 கோடிக்கு மேல் நிற்கும். இந்தக் காப்பீட்டை வீட்டைத் திரும்பக் கட்டித் தருவதற்காக உருவாக்கவில்லை. நீகாதா பூகம்பத்துக்குப் பின் 1966-இல் சட்டம் கொண்டுவந்தபோதே, விழுந்த குடும்பம் எழுந்து நிற்க ஒரு தொகை என்றுதான் வைத்தார்கள்.

இதைச் சொன்னால் சிலர் "அப்படியானால் தீக்காப்பீடு மட்டும் போதும்" என்று முடித்துவிடுகிறார்கள். அது பெரிய தப்பு. பூகம்பத்தால் பற்றிய தீக்குத் தீக்காப்பீடு இழப்பீடு தராது. 1923 செப்டம்பர் 1 கான்டோ பூகம்பத்தில் இறந்த லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது தீ. அப்போதும் காப்பீட்டு நிறுவனங்கள் ஷரத்தைக் காட்டிக் கையை விரித்தன. ஊரே கொந்தளித்த பிறகு ஒரு சிறு பகுதியை ஆறுதல் தொகையாகக் கொடுத்தன. நூறு வருடம் கழித்தும் அந்த ஷரத்து அப்படியேதான் இருக்கிறது.

பணம் தரும் முறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆன செலவுக்கு பில் கொடுத்து வாங்கும் ஏற்பாடு இல்லை இது. சேதத்தை நான்கு படிகளாகப் பிரித்து முழுச் சேதத்துக்கு 100, பெரும் பாதிக்கு 60, சிறு பாதிக்கு 30, பகுதிச் சேதத்துக்கு 5 சதவீதம் என்று தருவார்கள். கட்டடத்தின் முக்கியப் பாகங்களில் சேதம் 3 சதவீதத்தைத் தொடாவிட்டால் பூஜ்யம். நல்ல அடுக்குமாடிகள் பெரும்பாலும் சாய்வதில்லை. விரிசல் விடும், கதவு மாட்டிக்கொள்ளும். அதனால் உங்களுக்கு வர அதிக வாய்ப்புள்ள தொகை அந்த 5 சதவீதம்தான், அதாவது 5 லட்சம் யென். மாறாக, சாமான் காப்பீடு நிஜத்தில் அதிகம் கைகொடுக்கும். பாத்திரம், மின்சாதனம், மேசை நாற்காலி, உடுப்பு என்று வகைவகையாகப் பார்த்து மொத்தத்தில் 10 சதவீதம் போயிருந்தாலே பகுதிச் சேதம். இது எனக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும். 2011 மார்ச் 11 அன்று நானும் டோக்கியோவில் ஒரு வாடகை வீட்டில்தான் இருந்தேன். டி.வி., அலமாரி, மனைவி ஊரிலிருந்து சுமந்துவந்த கிரைண்டர் எல்லாம் தரையில் கிடந்தன. வீட்டுக்காரர் கட்டாயப்படுத்தி எடுக்கவைத்த பாலிசியைத் தேடி எடுத்துப் பார்த்தால், பூகம்பப் பகுதியில் "சேர்க்கவில்லை" என்ற கட்டத்தில் என் முத்திரை! ஜப்பானிய மொழி சரியாகப் படிக்கத் தெரியாமல் குத்தியது.

வீடு வாங்குவது இருக்கட்டும், முதலில் இன்றிரவே உங்கள் வாடகை வீட்டுப் பாலிசியை எடுத்து அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

இப்போது கடன். இடிந்த வீட்டின் கடனை அடைத்துக்கொண்டே, குடியிருக்க இன்னொரு வீட்டுக்குக் கடனோ வாடகையோ கட்டுவதை அங்கே இரட்டைக் கடன் என்கிறார்கள். 1995-இல் கோபேயில் பல குடும்பங்களை நசுக்கியது இதுதான். அந்தப் பூகம்பம் நடந்தபோது கோபே இருக்கும் ஹியோகோ மாகாணத்தில் பூகம்பக் காப்பீடு வைத்திருந்த வீடுகள் நூற்றுக்கு மூன்றுதான். சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டு விலகிப்போகும் வழியும் ஜப்பானில் இல்லை. வீடு போனாலும் கடன் உங்கள் பேரில்தான். கடனோடு வரும் குழுக் காப்பீடு உங்கள் உயிருக்கு, வீட்டுக்கு அல்ல. முழுதும் அழிந்த குடும்பத்துக்கு அரசு தரும் மறுவாழ்வுத் தொகை அதிகபட்சம் 30 லட்சம் யென். 2016 ஏப்ரலிலிருந்து இயற்கைப் பேரிடரில் சிக்கியவர்கள் திவாலாகாமல் கடனைக் குறைத்துக்கொள்ள ஒரு நெறிமுறை இருக்கிறது.  அதில் 50 லட்சம் யென் வரை கையில் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் வங்கி சம்மதிக்கவேண்டும். அதை நம்பி யாரும் கடன் வாங்கக்கூடாது.

அதனால் என் தீர்ப்பு: வீடு வாங்குங்கள், இந்தக் கணக்கில் வாங்காதீர்கள். 4.8 கோடி அளவில் பாருங்கள். வங்கி ஒத்துக்கொண்டால் முன்பணம் 20 லட்சம் மட்டும் போடுங்கள். கடன் 4.6 கோடி. இதர செலவு போக 50 லட்சம் கையில் நிற்கும். ஒரு சதவீத வட்டியில் 35 வருடத்துக்கு மாதத் தவணை 1.52 லட்சத்திலிருந்து 1.3 லட்சமாக இறங்கும். முன்பணத்தைக் குறைக்கச் சொல்லும் ஆலோசகரை இங்கேதான் பார்க்கிறீர்கள் என்று நினைக்கலாம். சுவருக்குள் போட்ட பணத்தை அவசரத்துக்கு உருவ முடியாது, அதனால்தான் சொல்கிறேன். அடுக்குமாடியில் பூகம்பத்துக்குப் பின் வரும் பெரிய செலவு, கட்டடத்தின் பொதுப் பழுது நிதி போதாமல் ஒவ்வொரு வீட்டிடமும் தனியாக வசூலிப்பது. லிஃப்ட், கழிவுநீர்க் குழாய் சரியாகும்வரை வேறிடத்தில் தங்கும் வாடகை இன்னொன்று. இரண்டுக்கும் இன்சூரன்ஸ் பணம் வரும்வரை காத்திருக்க முடியாது.

எந்த வீடு என்பதும் பணக் கேள்விதான். ஜப்பானில் அடுக்குமாடி வீட்டை "மான்ஷன்" என்பார்கள், திருவல்லிக்கேணி மேன்ஷனை நினைத்துக்கொள்ளாதீர்கள். 1981-க்கு முந்தைய அனுமதியில் கட்டியதைத் தொடவே வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும். உரிமையாளர் சங்கத்தின் கணக்கை வாங்கிப் பாருங்கள்: பொதுப்பகுதிக்குப் பூகம்பக் காப்பீடு இருக்கிறதா, பழுது நிதியில் எவ்வளவு இருக்கிறது? தரகர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நிஷி-கசாய் தாழ்வான பகுதி, அதன் தெற்கே கடலை நிரப்பி எடுத்த நிலமும் இருக்கிறது. 2011-இல் பக்கத்து உராயாசுவில் மண் குழம்பாகி வீடுகள் சாய்ந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் எடோகாவா வார்டு ஆபத்து வரைபடம் வெளியிடுகிறது, அதில் உங்கள் தெருவைப் பாருங்கள். தனி மரவீடும் பார்ப்பதாக இருந்தால் நில அதிர்வுத் தரம் 3 (மூன்று தரங்களில் உச்சமானது) என்று சான்று உள்ளதை மட்டும் பாருங்கள். 2016-இல் குமாமோட்டோவின் மஷிகியில் 28 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை உச்ச அளவு குலுங்கியது. அங்கே ஆய்வு செய்த தரம் 3 வீடுகள் 16. பதினான்கில் சேதமே இல்லை, இரண்டில் லேசான சேதம். இந்தத் தரத்துக்குக் காப்பீட்டுப் பிரீமியமும் பாதிதான்.

கையில் நிற்கும் 50 லட்சத்தைப் பற்றி. இதை ஜப்பானியப் பங்குகளில் போடாதீர்கள். 2011-இல் பூகம்பத்துக்கு அடுத்த இரண்டு வர்த்தக நாளில் நிக்கெய் பங்குச் சந்தைக் குறியீடு 16 சதவீதம் விழுந்தது. அதற்காக, யென் சரிந்துவிடும் என்று எல்லாவற்றையும் ரூபாயாக்கி அனுப்பவும் வேண்டாம். அந்த வாரமே யென் ஒரு டாலருக்கு 76 வரை பலப்பட்டு, ஜி7 நாடுகள் சேர்ந்து தலையிட வேண்டியிருந்தது. பெரும்பகுதி யென்னிலேயே சாதாரணக் கணக்கில் இருக்கட்டும். ஒரு பத்து லட்சம் யென் ஊரில் என்.ஆர்.இ. (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) டெபாசிட்டில் இருந்தால், குடும்பத்தை ஆறு மாதம் ஊருக்கு அனுப்ப நேர்ந்தால் உதவும். தாம்பரம் ஃபிளாட் நல்ல சொத்துதான், ஆனால் விற்க ஆறு மாதம் ஆகும். அதை அவசர நிதியில் சேர்க்காதீர்கள்.

அப்புறம், ரொக்கம். 2018 செப்டம்பர் 6 விடியற்காலை ஹொக்கைடோவில் வந்த பூகம்பத்தில் தீவு முழுக்க மின்சாரம் போனது. கார்டு இல்லை, ஏ.டி.எம். இல்லை, போன் பேமென்ட் இல்லை. கடைக்காரர்கள் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு ரொக்கம் மட்டும் வாங்கினார்கள். ஆயிரம் யென் தாள்களும் சில்லறையுமாக 50,000 யென், பாஸ்போர்ட், வசிப்பு அட்டை நகல்கள், பாலிசி எண் எல்லாம் ஒரு பையில் வாசல் பக்கம் இருக்கட்டும். வீட்டில் ஏதாவது உடைந்தால் பெருக்குவதற்கு முன் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுங்கள். வார்டு அலுவலகம் தரும் "ரிசாய் ஷோமெய்ஷோ" என்ற சேதச் சான்றிதழுக்கும் காப்பீட்டு ஆய்வுக்கும் அது தேவைப்படும். இரண்டும் தனித்தனி ஆய்வு, ஒன்றில் வந்த முடிவு மற்றதைக் கட்டுப்படுத்தாது. அலமாரிகளைச் சுவரோடு இறுக்க சில ஆயிரம் யென்தான் ஆகும். சமீபத்திய பூகம்பங்களில் காயம்பட்டவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேருக்கு அடிபட்டது சாமான் விழுந்துதான் என்கிறது டோக்கியோ தீயணைப்புத் துறை.

கடைசியாக நகை. எடுக்க முடியாது. ஒரு பொருளின் மதிப்பு 3 லட்சம் யென்னுக்கு மேல் போனால் நகை, கலைப்பொருள் எதற்கும் பூகம்பக் காப்பீடு இல்லை. இன்றைய விலையில் நான்கு பவுன் சங்கிலியே அதைத் தாண்டிவிடும். ரொக்கமும் காரும்கூட இதில் வராது. அன்றாடம் போடாததை வங்கி லாக்கரில் வையுங்கள், அல்லது அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கிளம்பும்போது நகை ஊரிலிருந்து போனதுதான் என்று காட்டும் ஏற்றுமதிச் சான்றை சென்னை விமான நிலைய கஸ்டம்ஸில் வாங்கியிருந்தீர்களா? வாங்கியிருந்தால் அதைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். வாங்கவில்லையென்றால் டிக்கெட் போடுவதற்கு முன் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.