நடு இலக்கைத் துளைத்துப் பின்னால் போகும் அம்பு

அம்பு நடுவில் துளைத்துப் பின்பக்கம் போகிறது என்றால் பிழை வில்லில் இல்லை. அந்த இலக்கில் எய்வதை முதலில் நிறுத்துங்கள்.

70 மீற்றர் தூரத்துக்கான 122 சென்ரிமீற்றர் வட்டத் தாள், அதை ஒட்டும் இலக்கை ஏறக்குறைய முழுவதும் மூடிவிடும்; தாளை நகர்த்தி ஒட்ட இடமிருக்காது. எல்லோருடைய அம்பும் அதே நடுவில் விழ, அங்கு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இறுக்கியிருக்கும் ஸ்பொஞ் அடுக்குகள் தேய்ந்துபோகும்.

ஓர் அம்பைக் கையால் ஓரத்திலும் நடுவிலும் அழுத்திப் பாருங்கள். நடுவில் சுலபமாக இறங்கினால், அந்த அடுக்குகளை மேலே மாற்றி, நல்லவற்றை நடுவுக்குக் கொண்டுவந்து இறுக்க வேண்டும். பொது மைதானத்து இலக்கு என்றால் நீங்களே கழற்றாதீர்கள். பொறுப்பாளருக்குப் படத்தோடு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் நம்மூரில் நடக்காது.

வைக்கோல் இலக்கு என்றால் கதை வேறு. யாழ்ப்பாணத்துக் கார்த்திகை மாரியில் நனைந்து உள்ளே உக்கியிருந்தால் இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.