கேளுங்க, சொல்றேன்

கேள்வி: என்ற பையன் ஸூட்டோபியா படம் பாத்துட்டு அந்த டைரக்டரு முன்னாடி சிம்சன்ஸ் கார்ட்டூன்ல வேல செஞ்சவருங்கறான். அவரு எடுத்ததுல எத மொதல்ல பாக்கறதுங்க?
- வாசகி, கோபி

பதில்: பையன் சொல்றது நெசந்தானுங்க்கா. பேரு ரிச் மூர். ஸூட்டோபியா 2016ல பைரன் ஹோவர்டோட சேந்து எடுத்தது, ஆஸ்கரும் வாங்குச்சு. ஆனா எனக்கு அவரோட பழைய சிம்சன்ஸ் எபிசோடுதான் ஒசத்தி.

மொதல்ல 1993 ஜனவரில வந்த மோனோரயில் கதையப் பாருங்க. ஊருக்கு அபராதப் பணம் 30 லட்சம் டாலர் கெடைக்குது, சிம்சன் வீட்டு அம்மா மார்ஜ் ரோட்ட சரி பண்ணலாங்கறா, ஒருத்தரும் காதுல வாங்கல, எங்கிருந்தோ ஒரு சேல்ஸ்மேன் வந்து பாட்டுப் பாடியே மொத்த ஊரையும் மோனோரயிலுக்கு மயக்கிப்போடறான். எழுதுனது கோனன் ஓ'பிரையன், அதனால எல்லாரும் அவரத்தான் பாராட்டறாங்க, ஆனா அந்த மீட்டிங்ல ஒவ்வொரு மூஞ்சியும் மாறறதப் பாருங்க, அது டைரக்டர் வேல. எனக்கு அதப் பாத்தா 2012க்கு முன்னாடி பெருந்துறைப் பக்கம் ஓடுன ஈமு கோழி வளப்பு மோசடி ஞாபகந்தான் வரும். வெள்ளையுஞ் சொள்ளையுமா ஒரு ஏஜென்ட் திண்ணைல உக்காந்து மாசாமாசம் எவ்வளவு வரும்னு எங்கப்புச்சியோட பால் கணக்கு நோட்டுலயே எழுதிக் காட்டுனான். அம்மிச்சி மட்டும் மொதல்ல கெணத்து மோட்டார சரி பண்ணுங்கன்னுச்சு. கடசில பட்டிக்குப் போட்ட கம்பிவேலிதான் மிச்சம்.

கேள்வி: சிம்சன்ஸ்ல ஒரு வில்லன் சருகு வாருற வாரிய மிதிச்சு மிதிச்சு மூஞ்சில அடி வாங்குவானே, அத எதுக்குங்க அவ்வளவு நேரம் இழுத்தாங்க?
- வாசகர், திருப்பூர்

பதில்: அதுவும் ரிச் மூருதான், 1993 அக்டோபர்ல வந்த கேப் ஃபியர். எபிசோடு நீளம் பத்தல, அதான் இழுத்தாங்க! அந்த வில்லன் சைட்ஷோ பாப் கார் அடில தொத்திக்கிட்டு கள்ளிக்காடெல்லாம் குத்து வாங்கிட்டு வந்து எறங்குனா தரையெல்லாம் சருகு வாருற வாரி. ஒம்போது தடவ மிதிக்கறான். மூணாவதுக்கு சிரிப்பு, அஞ்சாவதுக்கு என்றா இதுன்னு கடுப்பு, அப்பறம் மறுக்கா சிரிப்பு, இந்தத் தடவ நிக்காது. பாதில வெட்டிருந்தா செத்துருக்கும்.

கேள்வி: பொண்ணோட உக்காந்து பாக்கறாப்ல ஒண்ணு சொல்லுங்க.
- வாசகர், காங்கேயம்

பதில்: லிசாஸ் சப்ஸ்டிட்யூட், 1991, இதுவும் ரிச் மூரு எடுத்த சிம்சன்ஸ் எபிசோடுதான். சிம்சன் வீட்டுப் பொண்ணு லிசாவுக்கு ரொம்பப் புடிச்ச வாத்தியாரு ரயில் ஏறிப் போயர்றாரு, போறப்ப ஒரு சீட்டுக் குடுக்கறாரு, அதுல 'நீ லிசா சிம்சன்', அவ்வளவுதான் எழுதிருக்கும். வீட்டுக்கு வந்து அந்தக் கோவத்துல அப்பன பபூன்னு வைது போடறா. நம்மூரு கூத்துல வர்ற பபூன் இல்லீங்க, இது கொரங்கு. அப்பன் ஹோமர் என்ன பண்றான், அவ ரூமுக்கே போயி, கொரங்காட்டமே நடிச்சுக் காட்டி அவள சிரிக்க வெச்சுடறான். அதே ராத்திரி பையன் பார்ட்டையும் ஆறுதல் படுத்தி, கைக்கொழந்த மேகிக்கு சூப்பற ரப்பரையும் வாயில வெச்சுட்டு, பொண்டாட்டிகிட்ட வந்து, சீக்கிரம் தூங்கலாம் வா, இன்னிக்கு தொட்டதெல்லாம் வாச்சிருக்கு, கெடுத்துக்க வேண்டாங்கறான்.